இன்ஸ்பெக்டர் ஐயாவின் வீட்டை அளந்த நாள்

வீடு விற்கிறவர்கள் இப்போது பத்திரிகையில் 'உள்ளது உள்ளபடி, கைக்காசுக்கு மட்டும்' என்று ஒரு வரி போடுகிறார்கள். காலையில் தேத்தண்ணீரோடு அதைப் படித்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். உள்ளது உள்ளபடி என்கிறாயே, உள்ளது என்ன என்று ஒரு வார்த்தை சொன்னாயா? சுவர் எங்கே நிற்கிறது, கூரை எவன் காணிக்குள் நீட்டியிருக்கிறது, பின்வளவு என்று ஒன்று மிச்சமிருக்கிறதா, ஒன்றும் இல்லை. காசை வை, கதவுத் திறப்பைப் பிடி, பிறகு உன் பாடு. இதற்குப் பெயர் உள்ளபடியாம்.

சென்ற மாதம், நான் முன்பு வேலை பார்த்த நகர சபையில் இப்போது கட்டடப் பகுதியில் இருக்கிற பொடியன்கள் இரண்டு பேர் என்னைத் தேடி வந்தார்கள். வீடு விற்க வருகிறவனிடம் குறையைச் சொன்னால் அவன் ஏசுகிறான், சொல்லாவிட்டால் வாங்கினவன் வந்து ஏசுகிறான், உங்கள் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார்கள். நான் எங்கே சமாளித்தேன்? சமாளித்த மனிதர் ஒருவரின் கீழே வேலை செய்தேன், அவ்வளவுதான். அந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் எழும்பிப் போய்விட்டார்கள். அந்தக் கோபத்தில்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் தொழிற்கல்வியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ரோட்டுக்குக் கல் பரப்புகிறவர்களின் பெயர் கூப்பிடும் வேலையில் சேர்ந்தேன். பிறகு அளவுச் சங்கிலியின் பின்நுனியைப் பிடித்தேன், பிறகு முன்நுனியைப் பிடித்தேன், பிறகு மற்றவர்கள் பிடிக்க நான் பார்த்துக்கொண்டு நிற்கும் ஓவசியர் ஆனேன். அந்த வருடங்களை வெயிலும் வாவிக்காற்றும் தின்றுவிட்டன. வேலை என்றால் என்ன என்று தெரிந்தது மூத்ததம்பி இன்ஸ்பெக்டரின் கீழே போன பிறகுதான்.

மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி, கழுத்து மூடிய கோட்டு, மழையில்லாத நாளிலும் கையில் குடை. மட்டக்களப்புப் பட்டணத்துக்குள் எவர் வீடு கட்டினாலும், மதில் எழுப்பினாலும், கூரை நீட்டினாலும் அவர் போய்ப் பார்த்து ஒப்பமிட வேண்டும். தெருவுக்கு இவ்வளவு விடு, பின்பக்கம் வெறுவெளி இவ்வளவு விடு, அறைக்குக் காற்று வர இவ்வளவு சன்னல் வை என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதட்டுகிற உத்தியோகத்தரை நான் கண்டிருக்கிறேன். எங்கள் ஐயா அதட்டி ஒருநாளும் கண்டதில்லை.

அவருடைய முறை வேறு. வாசல் கடப்படியில் நின்று குடையை மடித்து வேலியில் கொழுவுவார். உள்ளே போனதும் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்பார். தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து வருகிறது, கிணறு எங்கே இருக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பிறகு அளப்போம். ஒவ்வொரு அளவையும் வீட்டுக்காரரை அருகில் வைத்துக்கொண்டு, அவர் காதில் விழும்படி சத்தமாகச் சொல்ல வேண்டும். என்னிடம் காதோடு காதாக ஒன்றும் பேசமாட்டார். 'இடி', 'உடை' என்ற சொற்கள் அவர் வாயில் வராது. "இது கோட்டுக்கு வெளிய நிக்குது" என்று மட்டும் சொல்வார். மிச்சத்தை வீட்டுக்காரரே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காற்றோட்டம் பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் காய்ந்த பொச்சு மட்டைத் துண்டைப் போட்டுக் கொழுத்தி, புகைய விட்டு, அறையின் நடுவே வைப்பார். கதவைச் சாத்திவிட்டு அந்த அறைக்குள்ளேயே தானும் உட்கார்ந்துகொள்வார். புகை போனால் அறை சரி. போகாவிட்டால் சரியில்லை. சன்னலின் அளவு சட்டத்தில் எழுதியிருக்கிறதே ஐயா, நாடாவைப் பிடித்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். நாடா மூச்சு விடாது ஓவசியர் என்றார்.

அக்கரையில் பெரிய வயற்காரர் ஒருவர், போடியார், பட்டணத்தில் புதுவீடு கட்டினார். கள்ளர் பயத்தினால் உள்ளறைக்குச் சன்னலே வைக்கவில்லை. ஐயா சிரட்டையோடு உள்ளே போனார். போடியாருக்கு வீறாப்பு, தானும் போய்க் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். நான் வெளியே நின்றேன். முதலில் போடியாரின் பேச்சுச் சத்தம் கேட்டது, பிறகு செருமல் கேட்டது, பிறகு இருமல். கடைசியில் கதவு திறந்தது. கண்ணீரும் மூக்குமாக வெளியே வந்த போடியார், "எந்தச் சுவர வெட்டச் சொல்றீங்க, அதச் சொல்லுங்க" என்றார். ஐயாவும் இருமிக்கொண்டுதான் வந்தார். வாவிப் பக்கத்துச் சுவரைக் கையால் காட்டினார். பிறகு போடியார் வருடா வருடம் அவருக்கு ஒரு மூட்டை நெல் அனுப்புவார், ஐயா அதை வண்டியோடு திருப்பிவிடுவார். அந்த வண்டிக்காரனுக்கு இரண்டு வழிக்கும் கூலி கிடைத்தது, அவ்வளவுதான் லாபம்.

இனிச் சொல்லவந்த விஷயம். அதற்கு முன் எங்கள் பகுதி வழக்கம் இரண்டைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் வெளியூர் வாசகருக்கு விளங்காது.

முதலாவது, எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தால்தான் கலியாணம். மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருகிறவன். அவன் எவ்வளவு பெரிய உத்தியோகத்தனாக இருந்தாலும், அந்த வீட்டின் கூரை ஓடு ஒன்றைக்கூடத் தன்னுடையது என்று சொல்லமுடியாது. எங்கள் ஐயாவும் அப்படி வந்தவர்தான். அவர் இருந்த வீடு அவருடைய மனைவி வள்ளிப்பிள்ளை அக்காவின் சீதன வீடு. பட்டணத்தில், வாவிக்குப் போகும் தெருவில், ஓட்டுக் கூரையோடு பார்க்க நல்ல லட்சணமான வீடு.

இரண்டாவது, வேலி. வருடா வருடம் தென்னோலைக் கிடுகு மாற்றி வேலியைப் புதுப்பிப்பார்கள். உக்கிப்போன கதியாலை, அதாவது வேலிக்கம்பை, பிடுங்கினால் பழைய குழி இளகியிருக்கும். அதே குழியில் நட்டால் புதுக் கதியால் ஆடும். ஆகவே ஒரு சாண் தள்ளி நடுவார்கள். எந்தப் பக்கம் தள்ளுவார்கள்? பக்கத்து வளவுப் பக்கம் தள்ளினால் சண்டை வரும். தன் வளவுப் பக்கம் தள்ள எவனுக்கும் மனம் வராது. தெருவோ வாய் பேசாது. இப்படியே வேலி வருடா வருடம் தெருவுக்குள் நடந்துபோகும். களவு செய்கிறோம் என்று எவரும் நினைப்பதில்லை; கதியால் உறுதியாக நிற்கவேண்டும் என்றுதான் நினைக்கிறார்கள். பிறகு ஒருநாள் வேலிவரைக்கும் விறாந்தையை நீட்டிக் கட்டுவார்கள். வள்ளிப்பிள்ளை அக்காவின் தகப்பனும் அதைத்தான் செய்திருந்தார். அது அவர் மகளுக்கு மாப்பிள்ளை எடுப்பதற்கு முந்திய காலம்.

ஐயாவுக்கு ஒரே மகள், இராசம்மா. அவளுக்குக் களுதாவளையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பேசியிருந்தார்கள். நல்ல பொடியன். அவனுக்கு வேலை அங்கே. அக்காவின் தாய்வழி வந்த தென்னங்காணி ஒன்றும் அங்கே இருந்தது. அதில் மகளுக்கு வீடு கட்டுவது என்று முடிவு. மாப்பிள்ளையின் தாய் ஒன்றைத்தான் கேட்டிருந்தா: ஓட்டு வீடாக இருக்க வேண்டும். அதற்குக் காசு வேண்டும், அதுவும் உடனே வேண்டும். சம்பளத்தைத் தவிர வேறொன்றும் தொடாத மனிதரிடம் காசு எங்கே இருக்கும்? பட்டணத்து வீட்டை விற்றால்தான் உண்டு. எல்லாருமாகக் களுதாவளைக்குப் போய்விடலாம் என்று அக்காதான் முடிவெடுத்தா.

வாங்க வந்தவர் ஏறாவூர் உதுமாலெவ்வை முதலாளி. புடைவைக் கடை வைத்திருந்தவர். மகன்களைப் பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க இங்கே ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார். வட்டிக்குக் கடன் எடுக்கவும் மாட்டார், தவணை சொல்லவும் மாட்டார். முழுக் காசையும் ஒரே கையில் தருவார். அன்று பேச்சு நடந்தபோது நானும் ஏதோ அலுவலாக அங்கே போயிருந்தேன். விலை பேசி முடிந்தது. நல்ல விலை. முதலாளி அச்சாரக் காசை வெற்றிலைத் தட்டில் வைத்து அக்காவின் பக்கம் நீட்டினார். கதவுக்குப் பின்னால் நின்ற அக்கா கையை நீட்டி வாங்கினா.

முன்னும் பின்னும் ஒருதரம் பாருங்கள் என்று ஐயா சொன்னார். முதலாளி சிரித்தார்.

"இன்ஸ்பெக்டர் ஐயாட வீட்டையும் சுத்திப் பாத்துத்தான் வாங்கணுமா? ஊர் சிரிக்கும் ஐயா. மத்த வீடெண்டா பயம், எப்ப நோட்டீஸ் வருமெண்டு தெரியா. இது உங்கட வீடு. அதுக்குத்தான் கேட்ட விலைய மறுபேச்சில்லாம தாறன்."

ஐயா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததை வாயில் போடாமல் தட்டிலேயே வைத்துவிட்டார். முதலாளி போனபிறகும் அது அங்கேயே கிடந்தது.

விஷயம் என்னவென்றால், அந்தத் தெருவுக்குப் புதிதாகத் தெருக்கோடு கீறிய படம் அப்போதுதான் சபைக்கு வந்திருந்தது. தெரு எவ்வளவு அகலம் இருக்கவேண்டும், எந்தக் கோட்டுக்கு உள்ளே வீடு நிற்கவேண்டும் என்று அதில் இருந்தது. படத்தின்படி முளை அடிக்கும் வேலை எங்களுடையது. எந்தத் தெருவை முதலில் அளப்பது என்பது ஐயாவின் விருப்பம். வேறு தெருக்களை முதலில் முடித்துக்கொண்டு வந்திருந்தால், அதற்குள் உறுதிப் பத்திரம் எழுதிக் காசு கைமாறியிருக்கும். பிறகு வருகிற நோட்டீஸ் முதலாளியின் தலையில். ஒருவரும் ஐயாவைக் குறை சொல்லியிருக்க முடியாது. நான்கூட அப்படித்தான் நடக்கும், நடப்பதுதான் முறை என்று நினைத்தேன். பெண்பிள்ளையின் கலியாணம் அல்லவா.

அடுத்த நாள் ஐயா கந்தோருக்கு வந்ததும், நாளைக்கு எங்கள் தெருவை அளக்கவேண்டும், முதலாளிக்கும் வரச் சொல்லி ஆள் அனுப்புங்கள் என்றார். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். தன் வீட்டைத் தானே அளப்பது முறையில்லை, ஆகவே சங்கிலி உங்கள் பொறுப்பு, நான் தொடமாட்டேன் என்றும் சொன்னார். கலியாணம் என்னவாகும் என்று கேட்கவந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

மறுநாள் காலை முளைகளையும் சிவப்பும் வெள்ளையும் பூசிய கம்புகளையும் கொண்டு போய் இறங்கினால், கடப்படியில் வள்ளிப்பிள்ளை அக்கா. அவவை நான் சிரித்த முகமாகத்தான் எப்போதும் கண்டிருக்கிறேன். அன்று முகம் கல்லாக இருந்தது. உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. ஐயா விறாந்தையில் நின்றார்.

"வீடு என்ட. வாய்தான் உங்கட. அத மூடிக்கொண்டு இரிக்க ஏலாதா?" என்றா அக்கா, என்னையும் வைத்துக்கொண்டு.

"வீடு உன்டதான். நான் இல்லயெண்டு சொல்லல்ல," என்றார் ஐயா. "அந்த மனிசன் வீட்டை வாங்கல்ல. என்ட சொல்ல வாங்கிறார். அத விக்க என்னால ஏலாது."

"இராசம்மாக்கு என்ன சொல்லப் போறீங்க?"

ஐயா விறாந்தையை விட்டுத் தெருவில் இறங்கினார். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டா. எனக்கு அந்த இடத்திலேயே சங்கிலியைப் போட்டுவிட்டு ஓடவேண்டும் போல இருந்தது. அந்த வீட்டுச் சோற்றை நான் எத்தனை தரம் சாப்பிட்டிருக்கிறேன்.

முதலாளி வந்து சேர்ந்தார். தெரு முனையில் இருந்த அளவைக் கல்லிலிருந்து தொடங்கினோம். கம்பை நட்டு, நேர் பார்த்து, சங்கிலியை இழுத்து, முளை அடித்துக்கொண்டே வந்தோம். ஐயா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருவின் மறுபக்கம் நின்றார். வீட்டுக்கு நேரே வந்ததும் முளை எங்கே விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சங்கிலிக்காரன் என்னைப் பார்த்தான், நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். வேலியைத் தாண்டி, விறாந்தைத் தூணையும் தாண்டி, ஐயாவின் சாய்மனைக் கதிரைக்கு அப்பால், சுவரை ஒட்டிச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கோடு போட்டேன். விறாந்தை முழுவதும் தெருவில் நின்றது.

"சத்தமாச் சொல்லுங்க ஓவசியர்," என்றார் ஐயா.

சொன்னேன். முதலாளி குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு சாய்மனைக் கதிரையைப் பார்த்தார். "அப்ப ஐயா இவ்வளவு காலமும் நடுத்தெருவிலதான் படுத்துக் கிடந்திரிக்கார்," என்றார். அவர் முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. ஐயாவே சிரித்துவிட்டார். அன்று காலை தொடங்கி அவர் முகத்தில் வந்த முதல் சிரிப்பு அதுதான்.

பிறகு பின்பக்கம் போனோம். அக்காவின் தங்கை ஒருத்தி, புருசனை இழந்தவ, அங்கே ஒரு அறையில் இருந்தா. தங்கை தனித்துப்போகக் கூடாது என்று, ஐயா இன்ஸ்பெக்டராவதற்கு முந்தியே, அக்காவே அந்த அறையைக் கட்டிக் கொடுத்திருந்தா. சமைக்கிற குசினியின் சுவரோடு ஒட்டி, பின்வேலி வரைக்கும் ஓட்டுக் கூரையோடு அந்த அறை நின்றது. பின்பக்கம் விடவேண்டிய வெறுவெளியில் ஒரு கோழி நிற்க இடமில்லை. அதையும் அளந்து சத்தமாகச் சொன்னேன். முதலாளி தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். ஐயா ஒன்றையும் மழுப்பவில்லை. விறாந்தையைக் கழற்றவேண்டி வரும், இந்த அறையையும் கழற்றவேண்டி வரும், நோட்டீஸ் வருவது நிச்சயம், அச்சாரத்தைத் திருப்பித் தரச் சொல்கிறேன் என்று நேராகச் சொன்னார். அவ்வளவுதான், குறை முடிந்தது என்றார்.

"முடியல்ல."

குசினிக் கதவைத் திறந்துகொண்டு அக்கா நின்றா. கையில் ஒரு சிரட்டை. சிரட்டையில் பொச்சுத் துண்டு புகைந்துகொண்டிருந்தது.

"குசினிய ஒருத்தரும் பாக்கல்லயே. வாங்க. மூண்டு பேரும் வந்து இரிங்க."

எங்கள் ஊரில் ஆண்கள் குசினிக்குள் போய் உட்காருவது வழக்கமில்லை. முதலாளி தயங்கினார். அக்கா விடவில்லை. அவர் தொப்பியைக் கழற்றாமல் குனிந்து உள்ளே போனார், நாங்கள் பின்னால் போனோம். அக்கா சிரட்டையை அடுப்படியில் வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினா. அப்போதுதான் பார்த்தேன். அந்தக் குசினிக்கு ஒரே ஒரு சன்னல் இருந்தது. தங்கையின் அறையைக் கட்டும்போது அந்தச் சன்னலை அடைத்திருக்கிறார்கள். புகை மேலே போய் ஓட்டில் முட்டி, கீழே இறங்கி எங்கள் முகத்துக்கு வந்தது. போக வழி இல்லை. முதலாளி தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் தரையோடு குந்தினேன். ஐயா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, அடைத்த சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா கதவைத் திறந்தபோது மூன்று பேரும் இருமிக்கொண்டு முற்றத்துக்கு வந்தோம். முதலாளி கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினார். ஐயா மாமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊரில் உள்ள அறையெல்லாம் பொச்சுக் கொழுத்திப் பார்த்த மனிதர்.

"இதுக்க நான் ஒருநாளும் இரிந்ததில்ல," என்றார்.

"கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்," என்றா அக்கா. குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் ஐயா தாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அது இல்லாததுதான் அவரைப் போட்டு முறித்தது. மாமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா முதலாளியின் பக்கம் திரும்பினா.

"உங்கட பொஞ்சாதி இதுக்க இரிக்கப் போறா முதலாளி. விறாந்தையும் அறையும் ஆம்பிளைகள்ர கணக்கு. இது என்ட கணக்கு. நான் சொல்லாம விட்டா அவ என்னத்தான் ஏசுவா. இனி வேணுமெண்டா வாங்குங்க, வேணாமெண்டா காசக் கொண்டு போங்க."

சொல்லிவிட்டு முந்தானையில் முடிந்து வைத்திருந்த அச்சாரக் காசை அவிழ்த்துக் கிணற்றுக் கட்டில் வைத்தா. நான் பார்த்த உத்தியோகத்தரிலும் உறுதி எழுதும் நொத்தாரிசுமாரிலும் ஒருவர்கூட ஒரு வீட்டைப்பற்றி இவ்வளவு சுத்தமாகப் பேசியதில்லை. அந்த நேரத்தில் அவவின் காலில் விழவேண்டும் போல இருந்தது எனக்கு. மகளின் கலியாணத்தையல்லவா அந்தக் கட்டில் வைத்தா.

முதலாளி காசை எடுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்சநேரம் வீட்டைச் சுற்றிவந்தார். இந்தமுறை ஒன்றையும் விடாமல் பார்த்தார். பிறகு வந்து, வீடு வேண்டும், ஆனால் முந்திய விலைக்கு வேண்டாம், கோட்டுக்கு வெளியே நிற்பதற்கும் பின்வெளியில் நிற்பதற்கும் காசு தரமாட்டேன் என்றார். நியாயம் என்றார் ஐயா. ஓம் என்றா அக்கா. விலை இறங்கியது. எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். களுதாவளை வீட்டுக்கு ஓடு வாங்க நினைத்த காசு அப்படியே போயிற்று என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சுவர் எழும்பும், மேலே கிடுகுதான். மாப்பிள்ளையின் தாய் கேட்டது ஓட்டு வீடு. அன்று மத்தியானம் அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

நொத்தாரிசிடம் உறுதி எழுதி, முழுக்காசும் ஒரே கையில் வந்து, அவர்கள் களுதாவளைக்குக் குடிபோனார்கள். அங்கே சுவர் எழும்பியது. வீடு கைமாறியதும் முதலாளி ஆட்களை விட்டு விறாந்தையையும் பின்னறையையும் கழற்றத் தொடங்கினார். சட்டப்படி எல்லாம் சரியாகக் கழன்றதா என்று பார்க்க நான் போயிருந்தேன். கழற்றிய ஓடுகளையும் தூண்களையும் ஒரு ஓரமாக அடுக்கி, பத்திரமாகக் கிடுகால் மூடி வைத்திருந்தார்கள். இது என்ன என்று கேட்டேன். வள்ளம் பேசியிருக்கிறேன், வாவிவழியே களுதாவளைக்குப் போகிறது, நீங்களும் கூட வாருங்கள் என்றார் முதலாளி.

வள்ளத்தில் ஓடுகளை ஏற்றிக்கொண்டு போய்த் துறையில் இறக்கி, வண்டியில் போட்டுத் தென்னங்காணிக்குக் கொண்டு போனோம். ஐயா வண்டியைக் கண்டதும் போடியாரின் நெல்மூட்டையைக் கண்ட முகத்தோடு எழும்பி வந்தார். விலை குறைத்தாயிற்று, வீடு உங்களுடையது, ஓடும் உங்களுடையது, திருப்பிக்கொண்டு போங்கள் என்றார்.

முதலாளிக்கு முதல்முறையாகக் கோபம் வந்தது. "இந்த ஓட்டுக்கு நான் ஒரு சதமும் தரல்ல ஐயா. கோட்டுக்கு வெளிய நிண்டதுக்குக் காசில்ல எண்டு நான் சொன்னன், நீங்களும் நியாயமெண்டீங்க. காசு குடுக்காத ஓடு எனக்கு ஹறாம். என்ட வீட்டுல வெச்சிரிக்க ஏலா."

அது தெருவில் நின்ற ஓடு, அப்படியானால் அது தெருவுக்குத்தான் சொந்தம் என்று ஐயா வாதம் தொடங்கினார். தெருவுக்கு ஓடு எதற்கு என்று முதலாளி கேட்டார். எனக்கு வேண்டாம் உனக்கு வேண்டாம் என்று இரண்டு பெரிய மனிதர்கள் வெயிலில் நின்று சண்டை பிடிப்பதை அன்றுதான் கண்டேன். வண்டிக்காரன் மாட்டை அவிழ்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றான்.

அக்கா வெளியே வந்தா. அந்த ஓடு தன் தகப்பன் தன் சீதனத்துக்குப் போட்டது, அதைப்பற்றி இரண்டு பேரும் என்ன பேச்சுப் பேசுகிறீர்கள், மழை வரப்போகிறது, இறக்குங்கள் என்றா. இறக்கினார்கள். முதலாளிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். முழுக்கூரைக்கு ஓடு போதவில்லை. முன்பக்கம் பாதிக்கு வந்தது. பின்பாதிக்குக் கிடுகு. குசினியை ஐயாவே முன்னின்று கட்டுவித்தார். அதில் இரண்டு சன்னல், எதிரும் புதிருமாக. முதல் நாள் பொச்சைக் கொழுத்தி வைத்துக்கொண்டு தானே உள்ளே உட்கார்ந்து பார்த்தாராம்.

மாப்பிள்ளையின் தாய் வீடு பார்க்க வந்தபோது நான் இருக்கவில்லை. அக்கா சொல்லித்தான் தெரியும். அந்த மனுசி முன்னால் நின்று கூரையைப் பார்த்திருக்கிறா, பின்னால் போய்ப் பார்த்திருக்கிறா. பாதிக்கு எப்போது ஓடு போடுவீர்கள் என்று கேட்டிருக்கிறா. அக்கா ஒன்றையும் ஒளிக்கவில்லை. காசு கிடைத்தால் போடுவோம், கிடைக்காவிட்டால் இதுதான், பாதி ஓடு எப்படி வந்தது என்றால் இப்படி என்று முழுக் கதையையும் சொல்லியிருக்கிறா. கேட்டுக்கொண்டிருந்த சம்பந்திக்காரி எழும்பிக் குசினிக்குள் போய், இரண்டு சன்னலையும் திறந்து பார்த்துவிட்டு, ஆவணியில் நாள் வைப்போம் என்று சொல்லிப் போனாவாம். இராசம்மாவின் கலியாணம் ஆவணியில் நடந்தது. உதுமாலெவ்வை முதலாளி பிள்ளைகளோடு வந்து முன்பாதியில், ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து பாக்கு வெற்றிலை போட்டுவிட்டுப் போனார்.

ஐயா வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகும் நான் அடிக்கடி போய்வருவேன். கடைசியாக நான் போனபோது இருவரும் நன்றாக முதிர்ந்துவிட்டார்கள். வேலிக்குப் புதுக் கதியால் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஐயா முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் கிடந்தார். அக்கா வேலியடியில் நின்று கூலிக்காரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தா: பழைய குழிக்கு இஞ்சால நடு மனே, இஞ்சால, வளவுக்குள்ள. எங்கள் பகுதியில் வருடா வருடம் உள்ளே வந்துகொண்டிருந்த வேலி அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இப்பிடியே போனா நாங்க தென்னைக்கு மேலதான் இரிக்கவேணும்," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, இது கிராமம், தெருக்கோடும் இல்லை, சபையும் இல்லை, எதற்கு இந்தப் பாடு என்றார். "இஞ்ச ஆர் அளக்க வரப்போறாங்க?"

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க இரிக்கிறீங்கதானே," என்றா.